ஈயக் குண்டுக்கு ஒரு பூண்



உலக்கை பிடித்து நெல் குத்தியவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். பரவாயில்லை, நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருக்கிறீர்கள். அந்த உலக்கையின் அடியில் ஓர் இரும்பு வளையம் இருக்குமே, அதைப் பூண் என்போம். நெல்லைக் குத்துவது மரத்தின் எடை. அந்த மரம் முனையில் பிளந்து நார் நாராகப் போகாமல் காப்பது பூண். பூண் கழன்ற உலக்கையைப் பாட்டி ஒருநாள்கூடத் தொடமாட்டாள். கருமானிடம் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

இன்று நான் பேச வந்திருப்பதும் ஒரு பூணைப் பற்றித்தான். ஆனால் இது ஈயத்தில் வார்த்த துப்பாக்கிக் குண்டின் அடியில் மாட்டுகிற பூண். ஆங்கிலத்தில் இதைக் கேஸ் செக் என்கிறார்கள். செம்பில் அல்லது செம்பு மிகுந்த பித்தளையில் செய்த சின்னஞ்சிறு கிண்ணம்.  சட்டைப் பொத்தானைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிராம் எடைகூட இருக்காது. இந்தக் கால் கிராம், ஒரு ஈயக் குண்டு ஓடக்கூடிய வேகத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கியது. எப்படி ஆக்கியது என்பதற்கு அறுபது எழுபது வருஷம் தப்பான காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தப்பான காரணம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கிக்காரன் அல்ல. வார்ப்படத் தொழிலில் வாழ்க்கையைக் கழித்தவன். உலையும் மூசையும் கசடும்தான் எனக்குத் தெரிந்த உலகம். வீட்டுக் கொட்டகையில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பதை வார இறுதிப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே செய்முறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஓர் உலோகம் தன் பலவீனத்தோடு எப்படிப் போராடியது என்ற கதையை மட்டும் கேளுங்கள்.

ஈயம் என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு குழப்பம் உண்டு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஈயமே அல்ல, அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவதும் வெள்ளீயம்தான். குண்டுக்குப் போவது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள், வேறு வேறு குணங்கள். காரீயத்தில் ரசம் வைத்தால் மெல்ல மெல்ல உயிருக்கே ஆபத்து. நான் இனி ஈயம் என்றால் காரீயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குண்டு செய்ய ஈயத்தைவிட நல்ல பொருள் கிடையாது என்று நூற்றாண்டுகளாக நினைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பு போதும். கனமோ கனம்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். கனமான பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும். மூன்றாவது குணம்தான் முக்கியம். ஈயம் மெத்தென்றது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் மரை போலச் சுற்றிச் சுற்றிப் போகிற பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளத்தில் கடித்துக்கொண்டு போனால்தான் பம்பரம் போலச் சுழலும். சுழன்றால்தான் தலைகுப்புறப் புரளாமல் நேராகப் போகும். மெத்தென்ற ஈயம் பள்ளத்துக்குள் நன்றாக அமுங்கி உட்காரும்.

குண்டின் அடிப்பக்கத்தை யோசித்தவர்களில் பேர்பெற்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1849இல் கிளோத் எத்தியேன் மினியே என்ற ராணுவ அதிகாரி ஒரு குண்டு கொண்டுவந்தார். அடியில் குழி; குழிக்குள் ஓர் இரும்புக் கிண்ணம். வெடிமருந்து வெடித்ததும் கிண்ணம் முன்னே தள்ளப்பட்டு, குண்டின் பாவாடை போன்ற அடிச்சுவரை விரித்துப் பள்ளங்களை அடைக்கும். சில சமயம் கிண்ணம் குண்டையே துளைத்துக்கொண்டு போய்விடும், ஈய வளையம் ஒன்று குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் இருந்த ஜேம்ஸ் பர்ட்டன், கிண்ணமே வேண்டாம், குழி மட்டும் போதும் என்று காட்டினார். இங்கிலாந்துக்காரர்கள் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு மரத்தால் ஒரு அடைப்பு வைத்தார்கள், பிறகு சுட்ட களிமண்ணால்.

என்ஃபீல்டு என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தாக வேண்டும். அந்தக் குண்டைச் சுற்றிக் காகிதம், காகிதத்தின் மேல் கொழுப்பு. ஈயம் குழலில் ஒட்டாமல் வழுக்கிப் போகத்தான் அந்தக் கொழுப்பு. சிப்பாய் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டமில் கிளம்பியது. ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10ஆம் தேதி அங்கே சிப்பாய்க் கலகம் வெடித்தது உங்களுக்கே தெரியும். அந்தப் பெருநெருப்புக்குக் காரணங்கள் நூறு இருக்கலாம்; அரசியல் வரலாற்றுக்காரர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மசகு என்பது ஈயக் குண்டோடு பிறந்த தலைவலி. கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் தேடினால், இன்றைய கிண்ணத்தில் வந்து நிற்போம்.

கருமருந்துக் காலத்தில் ஈயத்தின் மென்மை பெரிய குறையாகத் தெரியவில்லை. அமெரிக்க ராணுவத்தின் 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கி 32 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை நொடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில், அதாவது 400 மீட்டரில் எறிந்தது. அந்த வேகத்தை ஈயம் தாங்கும். 1884இல் பால் வியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கதை மாறியது. புதிய மருந்தில் அழுத்தம் அதிகம். அமெரிக்கா 1892இல் ஏற்ற கிராக் துப்பாக்கியில் 14 கிராம் குண்டு நொடிக்கு 2,000 அடி, அதாவது 610 மீட்டர் ஓடியது. குழலுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 40,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து. ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேகத்தில் வெறும் ஈயம் பள்ளத்தில் கடிக்காமல் சறுக்கிக்கொண்டு போனது. போகிற வழியெல்லாம் சுவரில் ஈயத்தை அப்பிவிட்டுப் போனது. பத்துச் சுற்றுக்குள் குழல் அழுக்கேறிக் குறி எங்கோ போனது. ராணுவங்கள் இதற்கு எளிய வழி கண்டன: குண்டுக்கு முழுச் சட்டை தைத்துவிடுவது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1880களில் செம்புச் சட்டை போட்ட குண்டைச் செய்தார். உலகப் படைகள் எல்லாம் அந்த வழிக்கு வந்தன. அரசாங்கப் பணம், ஆலை, அழுத்து எந்திரம் இருக்கிறவனுக்குச் சட்டை சரி. வீட்டில் அச்சும் கரண்டியும் வைத்துக்கொண்டு வார்க்கிறவன் என்ன செய்வான்? சட்டை போட்ட குண்டை விலை கொடுத்து வாங்கலாம். அந்தக் காலத்துச் சட்டையோ செம்பும் நிக்கலும் கலந்தது. அதுவே குழலில் ஒட்டிக்கொண்டு வேறொரு தொல்லை தந்தது.

இந்த இடத்தில்தான் ஜான் பார்லோ வருகிறார். கனெடிகட் மாநிலம் நியூ ஹேவனில் 1884இல் ஐடியல் என்ற பெயரில் குண்டு வார்க்கும் அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறையைத் தொடங்கியவர். தன் கருவிகளை விற்பதற்காக அவர் வெளியிட்ட கையேடுகள், விலைப்பட்டியலும் பாடப்புத்தகமும் கலந்த வினோதமான நூல்கள். வாடிக்கையாளர் எழுதிய கடிதமும் அதற்கு இவர் சொன்ன பதிலும் அவற்றில் இருக்கும். நம்மூரில் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் மருந்து விளம்பரமும் வைத்தியக் குறிப்பும் ஒன்றாக இருக்குமே, அது மாதிரி. புதிய துப்பாக்கி வைத்திருப்பவர்களின் புலம்பல் அவர் மேசைக்குத்தான் வந்து சேர்ந்தது. 1906ஐ ஒட்டி அவர் தந்த விடைதான் கேஸ் செக். முழுச் சட்டை வேண்டாம். அடியில் ஒரு சிறு செம்புத் தொப்பி போதும் என்றார். குண்டின் அடியைக் கொஞ்சம் ஒடுக்கமாக வார்த்தார். அந்த ஒடுக்கத்தில் கிண்ணம் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். பார்லோ பட்டறை 1910இல் மார்லின் நிறுவனத்தின் கைக்கும், 1925இல் லைமன் நிறுவனத்தின் கைக்கும் போனது. அவர் கிண்ணம் இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது.

கிண்ணம் போட்டதும் 1,300, 1,400 அடியில் நின்ற ஈயக் குண்டு 2,000 அடி, திறமையானவர் கையில் அதற்கும் சற்று மேலே போனது. குழல் சுத்தமாக இருந்தது. சரி, ஏன்?

அந்தக் காலத்து மனிதர்கள் சொன்ன காரணம் மிகவும் இயல்பானது. புகையில்லா மருந்து எரியும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஈயம் உருகுவது 327இல். ஆகவே குண்டின் அடி உருகி வழிகிறது. உருகின ஈயம் சுவரில் ஒட்டுகிறது. செம்பு 1,085 டிகிரி வரை உருகாது, ஆகவே செம்புக் கிண்ணம் காக்கிறது. கேட்டால் தலையாட்டத் தோன்றுகிறதா இல்லையா? எனக்கும் தோன்றியது. வார்ப்படக்காரனுக்கு உருகுநிலைக் கணக்குதான் முதலில் ஓடும்.

ஆனால் உங்களில் தீமிதித் திருவிழா பார்க்காதவர்கள் யார்? செக்கச் செவேலென்று கனன்று கிடக்கும் பூக்குழியில் இறங்கி நடந்து போகிறார்கள். பெரும்பாலும் கால் கொப்பளிப்பதில்லை. பக்தி ஒருபக்கம் இருக்கட்டும், அதை நான் தொடவில்லை. பௌதிகம் சொல்வது இது: வெப்பம் உள்ளே போக நேரம் வேண்டும். பாதம் தணலில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. குண்டு குழலுக்குள் இருப்பது எவ்வளவு நேரம் தெரியுமா? நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே. அந்த நேரத்தில் அடியின் மேல்தோலைத் தாண்டி வெப்பம் எங்கே போகப்போகிறது?

இதைச் சோதிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. கருமருந்துக் காலத்திலிருந்தே குண்டைச் சுற்றி மெல்லிய காகிதம் சுற்றிச் சுடும் வழக்கம் இருந்தது. சுட்டு முடித்ததும் குழல் முனைக்கு முன்னால் காகிதத் துணுக்குகள் பறந்து விழும். எரிந்த சாம்பல் அல்ல, கிழிந்த காகிதம். இன்றைய வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. நூற்றிச் சொச்சம் டிகிரியிலேயே இளகுகிற பொருள் அது. சுட்ட பிறகு புல்லில் கிடப்பதை எடுத்துப் பாருங்கள், உருகியிருக்காது. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் உருக்காத வெப்பம் ஈயத்தை மட்டும் எப்படி உருக்கும்? கண்ணெதிரே விழுந்துகொண்டிருந்த சாட்சியை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் உருகுதல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை நடந்தால் போதும் என்றால் விளக்கத்தை யாரும் சோதிப்பதில்லை. நானும் என் வார்ப்படத்தில் அப்படி எத்தனையோ விளக்கங்களைச் சுமந்தவன்தான்.

உண்மைக் காரணம் ஏரிக்கரையில் இருக்கிறது. கரை எப்போது உடைகிறது? தண்ணீர் நிறைந்ததால் மட்டும் அல்ல. எங்கோ ஒரு நண்டு வளை இருக்கும். அதில் கசியும் தண்ணீர் வளையின் சுவரைக் கரைக்கும், வளை பெரிதாகும், பெரிதானால் இன்னும் வேகமாகத் தண்ணீர் போகும், விடியும்போது கரை இருக்காது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி ஒன்று இருந்தால் போதும். பின்னாலிருந்து 40,000 பவுண்டு அழுத்தத்தில் நெருக்கும் வாயு அந்த இடைவெளியில் ஊசி போல நுழைகிறது. ஈயத்தின் விளிம்பை அறுத்துக்கொண்டு, அறுத்த துகளை முன்னால் சுவரில் தெளிக்கிறது. தெளித்த துகள் மேல் குண்டு ஏறித் தேய்த்துக்கொண்டு போகிறது. குழலில் ஈயம் பிடிப்பது இப்படித்தான். அடியின் நடுப்பகுதி பத்திரமாக இருக்கும். சேதம் முழுவதும் விளிம்பில். செம்புக் கிண்ணம் காப்பது அந்த விளிம்பை. நடுவில் செம்பு இருப்பது கிண்ணத்துக்கு ஓர் அடி வேண்டும் என்பதற்காகத்தான். வேலை செய்வதெல்லாம் ஓரச் சுவர். உலக்கைப் பூண் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். பூணுக்கு நடுவில் இரும்பு கிடையாது, வளையம் மட்டும்தானே.

அடிவிளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவர் ஒரு மருத்துவர். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான். கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்றவர். குண்டு ஏன் குறி தவறுகிறது என்ற ஒரே கேள்வியில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். தன் ஆராய்ச்சியை 1909இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். துப்பாக்கி அசையக் கூடாது என்று கான்கிரீட் மேடை கட்டினார். காற்று வீசக் கூடாது என்று சுடும் வழியை மூடினார். பிறகு வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டார். சிலவற்றின் மூக்கை நறுக்கினார், சிலவற்றின் அடியை நறுக்கினார். மூக்கு சிதைந்த குண்டு கிட்டத்தட்ட ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. அடி சிதைந்தது எங்கெங்கோ போனது.

பார்ப்பவன் கண்ணுக்கு மூக்குதான் முக்கியமாகத் தெரியும். கூராக இருக்கிறது, முன்னால் போகிறது. ஆனால் குழலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தை நினைத்துப் பாருங்கள். கடைசியாக விடைபெறுவது அடிவிளிம்பு. அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விட்டால் பின்னாலிருக்கும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பீறிடும். விளிம்பில் ஒரு மூலையில் பள்ளம் இருந்தால் அங்கே முதலில் பீறிட்டுக் குண்டின் பின்புறத்தை ஒரு தட்டு தட்டிவிடும். அந்தச் சிறு தட்டு நூறு மீட்டரில் பெரிய விலகல். நேராக வெட்டிய செம்பு விளிம்பு, வார்ப்பில் வரும் சின்னச் சின்னக் குறைகளையும் மறைத்து, விடைபெறும் இடத்தைச் சமமாக்கிக் கொடுக்கிறது. வேகத்துக்காகப் போட்ட பூண், குறிக்கும் உதவியது.

இப்போது என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். கிண்ணம் போட்டால் எந்த ஈயத்தையும் ஓட்டிவிடலாமா? முடியாது. சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் ஐந்து. நகத்தால் கீறலாம். அதில் ஆன்ட்டிமனி சேர்த்தால் கடினம் ஏறும்; வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்பும். நூற்றுக்கு ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆன்ட்டிமனி, மீதி ஈயம் என்பது லைமன் இரண்டாம் எண் கலவை என்று பேர்பெற்றது. கடினம் சுமார் 15. பிரினெல் எண்ணை 1,422ஆல் பெருக்கினால் அந்த உலோகம் தாங்கும் அழுத்தம் பவுண்டில் வரும் என்று குண்டு வார்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 15க்கு 21,330 வரும். உலோகவியல்காரன் இந்தக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்ளமாட்டான். பிரினெல் என்பது உருண்டையை அழுத்திக் குழி அளக்கும் சோதனை, அதையே தாங்குதிறன் என்று சொல்வது அலகு மாற்றத்தைத் தத்துவமாக்குவது. ஆனால் ஒன்று மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது: 40,000 பவுண்டில் தள்ளப்படும் ஈயம், எந்தக் கலவையானாலும், தன் எல்லைக்கு வெளியேதான் வேலை செய்கிறது. எல்லைக்கு வெளியே போனவனுக்குத்தான் பூண் வேண்டும்.

ஆன்ட்டிமனி கலந்த ஈயம் என்றால் அச்சகம் பார்த்தவர்களுக்கு வாசனை அடித்திருக்கும். லைனோடைப் எந்திரத்தின் உலோகம் ஈயம் 84, ஆன்ட்டிமனி 12, வெள்ளீயம் 4 என்ற விகிதம், கடினம் 22. குண்டு வார்ப்பவர்களுக்கு அது வெல்லக்கட்டி. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் உருக்கிய உலோகத்தில் கடைசியாக எழுத்துக் கோத்தது 1978 ஜூலை முதல் வாரத்தில். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகள் ஒளியச்சுக்கு மாறின; டன் டன்னாகப் பழைய எழுத்து உலோகம் காயலான் கடைக்கு வந்தது. செய்தி அச்சடித்த உலோகம் குண்டானது. அச்சுக்கோத்தவர் ஒருவரை நான் அறிவேன். இதைச் சொன்னபோது, நாங்கள் எழுதினால் அதுவும் குண்டுதான் என்றார். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் கார் சக்கரத்தில் சமன் செய்ய மாட்டுகிற ஈயக் கட்டிகளுக்கு மாறினார்கள். அதில் ஆன்ட்டிமனியோடு துளி ஆர்செனிக்கும் இருக்கும். அதனால் அச்சிலிருந்து சுடச்சுடத் தண்ணீரில் போட்டால் அடுத்த சில நாட்களில் தானாகவே இறுகும். இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பது மாதிரி உடனே அல்ல, தயிர் உறைவது மாதிரி மெதுவாக. நஞ்சு என்று ஐரோப்பா 2005லும் கலிஃபோர்னியா 2010லும் அந்த ஈயக் கட்டிகளை நிறுத்தியதோடு அந்த ஊற்றும் வற்றத் தொடங்கியது.

கடினமாக இருந்தால் நல்லது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மெத்தென்ற ஈயத்துக்கு அழுத்தத்தில் கொஞ்சம் பருத்து, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மிகக் கடினமான குண்டு பருக்காது; அளவு குறைந்திருந்தால் குறைந்ததாகவே போகும், சுற்றிலும் நண்டு வளைகள். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது கடினத்தையோ கிண்ணத்தையோ அல்ல, அளவைத்தான். குழலின் பள்ள விட்டத்தைவிடக் குண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், பெரியதாக இருக்க வேண்டும். அளவு தப்பான குண்டுக்குப் பூண் மாட்டுவது, பொருந்தாத செருப்புக்குப் பாலிஷ் போடுவது போலத்தான்.

கிண்ணத்திலும் குறை இருந்தது. ஆரம்பகாலக் கிண்ணங்கள் சும்மா செருகி நிற்பவை. சில குண்டோடு கடைசி வரை போகும், சில வழியில் கழன்று விழும். ஒரே பெட்டியில் இரண்டு விதமும் இருந்தால் குறி என்ன ஆகும்? நெப்ராஸ்காவில் 1949இல் தொடங்கிய ஹார்னடி நிறுவனம் வாய் தடித்த கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அச்சுத் துளையில் தள்ளி அளவாக்கும்போது அந்தத் தடித்த வாய் உள்ளே மடிந்து ஈயத்தைக் கடித்துக்கொள்ளும், பிறகு கழலாது. மசகு விஷயத்தில் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆய்வாளர் ஈ. எச். ஹாரிசன், தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற பெட்ரோலியப் பொருளும் சரிபாதி கலந்த கலவையைப் பரப்பினார். 1857இல் கொழுப்பு செய்த வேலையைத் தேன்மெழுகு எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் சரியாக இருந்தும் 2,200, 2,300 அடியைத் தாண்டினால் ஈயக் குண்டின் குறி கலையத் தொடங்குகிறது. ஏன் என்பதில் இன்றும் சண்டை. ஒரு கட்சி சுழற்சியைக் குற்றம் சொல்கிறது. கிராக் குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2,000 அடி வேகத்தில் நொடிக்கு 2,400 சுற்று, நிமிடத்துக்கு 1,44,000. நம் வீட்டு மின்விசிறி முந்நூற்றைம்பது சுற்றில் ஓடும்போதே இறக்கை சற்று வளைந்தால் ஆடுகிறது. வார்ப்புக்குள் ஊசிமுனைக் காற்றுக்குமிழ் இருக்கும் குண்டு 1,44,000 சுற்றில் என்ன ஆடும்! மறுகட்சி, குண்டு கிளம்பும் முதல் அங்குலத்திலேயே ஈயம் கோணலாக அமுங்கிவிடுகிறது, சுழற்சி அந்தக் கோணலை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. குமிழ் இல்லாத வார்ப்பு கிடைத்த பிறகும் தொல்லை தீரவில்லையே.

பூணே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷூட்சன் மரபில் இன்றும் வெறும் அடியுள்ள குண்டைக் கையால் குழலுக்குள் பொருத்தி, 1,400 அடிக்குள் நிறுத்தி, அபாரமாகக் குறி வைக்கிறார்கள். 1976இல் தொடங்கிய வார்ப்புக் குண்டுச் சங்கத்தின் போட்டிகளில் வெறும் அடிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. எதிர்ப்பக்கம், செம்பு விலை ஏறியதும் குளிர்பானம் குடித்த அலுமினியக் கேனை வெட்டி வீட்டிலேயே கிண்ணம் அடிக்கிறவர்கள். காசுக்காக மட்டும் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அச்சு செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, தொழில்காரர்களுக்குத் தெரியும்.

ஈயத்தின் மற்ற முகத்தையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்ல. கலிஃபோர்னியாவில் வாழும் காண்டோர் என்னும் பெரும் பிணந்தின்னிக் கழுகுகள் 1982இல் வெறும் 22 தான் மிஞ்சின. வேட்டையில் சுடப்பட்ட விலங்கின் உடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்கை அவை இரையோடு விழுங்கிச் செத்தன. அது ஒரு முக்கியக் காரணம். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. வார்க்கிறவனுக்கும் ஆபத்து உண்டு. உருகிய ஈயத்தைவிட, கையில் ஒட்டிய ஈயத் தூசியோடு சோற்றில் கை வைப்பதில்தான் அதிகம். எங்கள் பட்டறையில் ஈயம் தொட்டவன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொட்டால் மேஸ்திரி கிளாஸையே பிடுங்கி ஊற்றிவிடுவார்.

சுடும் மைதானத்தில் குறிப் பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை சிலர் அந்த மண்ணைச் சலித்து, சுட்ட ஈயத்தைப் பொறுக்கிக்கொண்டு போய் மறுபடி சட்டியில் போட்டு உருக்குவார்கள். ஈயம் தளதளவென்று உருகி அடங்கும். செம்பு அந்தச் சூட்டில் உருகாது, ஈயத்தைவிட லேசும்கூட. ஆகவே ஒவ்வொரு கிண்ணமாகக் கசடோடு மேலே மிதந்து வரும், கொதிக்கும் பாயசத்தில் முந்திரிப் பருப்பு வருவது மாதிரி. கரண்டியால் அரித்தெடுத்து ஆறவைத்துப் பார்த்தால், அதன் ஓரச் சுவரில் குழலின் பள்ளங்கள் சாய்வாகப் பதிந்த கோடுகள் அப்படியே இருக்கும். உருகாத, அறுபடாத, விளிம்பு கெடாத கோடுகள். நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பிய அப்படி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே வருகிறேன். கையில் வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கை கழுவுங்கள்.